கை ரொட்டிக் கடை

மற்றப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள். யுவஸ்ரீக்கு அது அம்மா கிளம்பிப் போகும் நாள்.

யுவஸ்ரீயின் அம்மா முனிலட்சுமி, கிருஷ்ணகிரியைத் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். வாரம் முழுக்க அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிடுவார். சனிக்கிழமை மாலை ஓசூர் வருவார். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிப் போவார்.

யுவஸ்ரீயும் அப்பா சிவராஜும் பேருந்து நிலையம் வரை போய் வழியனுப்புவார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி யுவஸ்ரீயின் கன்னத்தைத் தொடுவார்.

“இன்னிக்கு ஒரு நாள் போவாம இருந்தா என்னம்மா ஆகும்?”

“லாஸ் ஆஃப் பே ஆகும் கண்ணு.”

அப்படியென்றால் சம்பளம் பிடிப்பார்கள் என்று யுவஸ்ரீக்கு அப்போது தெரியாது. ஏதோ பெரிய காய்ச்சல் என்று நினைத்து, வாயை மூடிக்கொள்வாள்.

அம்மா போன பிறகு, அவருடைய தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசம் இருக்கும். புதன்கிழமைக்குள் அது போய்விடும். அதனால் யுவஸ்ரீ ஒரேயடியாக முகர்ந்து தீர்த்துவிடாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முகர்ந்து பார்ப்பாள்.

அப்பா நல்லவர்தான். பக்கத்துத் தெருவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தலை பின்னக் கற்றுக்கொண்டார். சமையலில் அவருக்கு ரசம் மட்டும் வரும். சில நாள் அதுவும் வராது.

ஆனால் பள்ளியிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். சாவியை எடுத்துத் தானே திறந்து உள்ளே போக, யுவஸ்ரீக்கு ஒரு நாளும் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கும் வீட்டில் இருக்கத்தான் ஆசை. அவர்கள் தெரு முனையில்தான் பல கம்பெனிகளின் பேருந்துகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். அங்கே ஒரு டிபன் கடை போட்டால் என்ன என்று அவர் பல நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முழு ஆண்டு விடுமுறை வந்தது. அம்மா துணிந்து நீண்ட லீவு போட்டார்.

“ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கடை ஓடுச்சுன்னா பாக்கலாம். இல்லேன்னா திரும்ப ஹாஸ்டலுக்குப் போயிடறேன்” என்றார்.

“ஓடும்மா. கண்டிப்பா ஓடும்” என்றாள் யுவஸ்ரீ.

பட்டறையில் கிடந்த பழைய இரும்பில் அப்பா ஒரு மேசை செய்து கொடுத்தார். பொழுது விடியும் முன்பே அம்மா இட்லியும் சாம்பாரும் செய்துவிட்டார். இட்லி பஞ்சு போல இருந்தது. சாம்பார் தெரு முழுக்க மணத்தது.

ஆனால் கடை ஓடவில்லை.

நாலைந்து பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படித்தான். மிச்சமானதை வீணாக்காமல் மத்தியானம் இட்லி, இரவு இட்லி உப்புமா என்று சாப்பிட்டார்கள். அடுத்த நாள் அம்மா வேறு ஏதோ செய்து வைத்தபோது, அப்பா தட்டை உற்றுப் பார்த்து, “இதுவும் இட்லியோட சொந்தக்காரங்களா?” என்று கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது அவர் அடிக்கடி கையை நிறுத்தி எங்கேயோ பார்த்தார். யுவஸ்ரீ குனிந்து பார்த்தாள். அம்மாவின் ஹாஸ்டல் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

மறுநாள் காலை யுவஸ்ரீ கடைக்கு எதிரே ஒரு சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வாங்குகிறவர்களை விட்டுவிட்டு, வாங்காமல் போகிறவர்களை மட்டும் பார்த்தாள்.

ஒரு அண்ணன் வந்தார். ஆவி பறக்கும் இட்லியைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். மறுபடி இட்லி. மறுபடி சாலை. பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த அக்காவும் அப்படித்தான். இட்லி, சாலை, இட்லி, சாலை.

யுவஸ்ரீ சுவரிலிருந்து குதித்து அந்த அக்காவிடம் ஓடினாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை. அட்டையில் முத்துமணி என்று பெயர் இருந்தது.

“அக்கா, எங்க இட்லி நல்லா இல்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கும்போல பாப்பா. வாசமே ஆளத் தூக்குது.”

“அப்புறம் ஏன் வாங்கல?”

“பஸ்ஸு எப்ப வரும்னு தெரியாது. வந்தா நிக்காது. சாம்பார் தட்டோட எப்படி ஏறுவேன், சொல்லு? எனக்கு ஒரு கைதான் சும்மா இருக்கு.”

முத்துமணியின் பேச்சு புதிதாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வெள்ளைப் பேருந்து ஒன்று வந்தது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

கடையை எடுத்து வைத்ததும் யுவஸ்ரீ அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். பள்ளிப் பையைத் தோளில் மாட்டினாள். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் இட்லி, சாம்பார் தட்டு. அப்படியே மாடிப்படி ஏறினாள். மூன்றாவது படியில் தட்டு சாய்ந்தது. கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையில் சாம்பார் முழுதும் விழுந்தது.

“பாப்பா! என்ன பண்றே?”

“பஸ் ஏறறேன்பா!”

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். யுவஸ்ரீ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “அம்மா, இட்லி மேல தப்பே இல்ல. அவங்களுக்கு ஒரு கைதான் இருக்குது. ஒரு கையில புடிச்சு, நடந்துகிட்டே சாப்பிடற மாதிரி ஏதாவது வேணும்.”

அம்மா அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த முருங்கைக்காயையே பார்த்தார். பிறகு, “ராகி ரொட்டி?” என்றார்.

அன்றைக்கே செய்து பார்த்தார்கள். வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்ட ராகி ரொட்டி. சூடாக இருக்கும்போது நன்றாக இருந்தது. ஆறியதும் மடக்கினால் அப்பளம் போல உடைந்தது. அம்மா மாவைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். மெல்லியதாகத் தட்டினார். இப்போது துணி போல மடங்கியது. உள்ளே கெட்டியான நிலக்கடலைச் சட்னி தடவி, சுருட்டி, வாழையிலைத் துண்டில் பொதிந்தார்.

யுவஸ்ரீ பையும் குடையுமாக மாடிப்படி ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது ரொட்டி வயிற்றுக்குள் இருந்தது. கீழே ஒரு துளியும் சிந்தவில்லை.

“பேரு என்ன வெக்கலாம்? சுருட்டு ரொட்டி?” என்றார் அம்மா.

“சுருட்டுன்னு எழுதினா தாத்தாங்கதான் வருவாங்க, புகை விடறதுக்கு” என்றார் அப்பா.

“கை ரொட்டி” என்றாள் யுவஸ்ரீ. அப்படியே முடிவானது.

என்ன விலை வைப்பது என்று பேச்சு வந்தது. மாவு, கடலை, எண்ணெய், கேஸ் எல்லாவற்றையும் அம்மா விரல்விட்டு எண்ணினார்.

“உன் கைவேலைய எண்ணாம விட்டுட்டியே” என்றார் அப்பா. “பட்டறையில இரும்புக்கு மட்டுமா காசு வாங்கறோம்? கைவேலைக்கும் சேத்துத்தான் வாங்கறோம்.”

“நான் வீட்டுல செய்யறதுதானே” என்றார் அம்மா.

“வீட்டுல செஞ்சா கை வலிக்காதாம்மா?” என்று யுவஸ்ரீ கேட்டாள். அம்மா கைவேலையையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். விற்காவிட்டால் இட்லி போல ரொட்டியை உப்புமா செய்ய முடியாது என்று அப்பா சொல்லியிருந்தார். முத்துமணி ஒன்று வாங்கினார். கடித்துக்கொண்டே பேருந்தில் ஏறி, ஜன்னல் வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வெள்ளைப் பேருந்து போவதற்குள் கூடை காலி.

அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் கூடியது. ஒடிசாவிலிருந்து வந்திருந்த அண்ணன்கள் காரம் குறைத்துக் கேட்டார்கள். அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு சட்னி அரைத்தார். கன்னடம் பேசும் ஒரு அம்மா, “ரொட்டி சென்னாகிதே!” என்றார். நன்றாக இருக்கிறதாம். யுவஸ்ரீயின் வகுப்பில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள் என்பதால் அவளுக்கு உடனே புரிந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் அம்மா கம்பெனிக்குப் போன் செய்தார். “இனிமே வரலைங்க மேடம்” என்றார். யுவஸ்ரீ கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, தன் பழைய பொம்மைகளை எல்லாம் அதற்குள் போட்டு நிரப்பினாள்.

பள்ளி திறந்தது. முதல் நாள் மாலை அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது! ஆனால் உள்ளே அப்பாதான் இருந்தார். அம்மா ராகி அரைக்க மில்லுக்குப் போயிருந்தார்.

மறுநாள் வந்தபோது அம்மா குவிந்து கிடந்த முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, இன்னிக்குக் கிளாஸ்ல என்னாச்சு தெரியுமா? பிரேம்குமார் பெஞ்சுல இருந்து...”

“ம்...”

“அப்புறம் டீச்சர் வந்து...”

கையில் கீரைக் காம்போடு, சுவரில் சாய்ந்து, அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

யுவஸ்ரீ எழுப்பவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் இருந்தபோது அம்மா தூரத்தில் இருந்தார். இப்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறார். அப்படியும் ஏக்கம் மட்டும் போகவில்லையே, ஏன்?

அதைவிட இன்னொன்றும் அவளை உறுத்தியது. கடையில் அம்மா எல்லோரையும் “கண்ணு” என்று கூப்பிட்டார். “சாப்டியா கண்ணு? ஏன் மொகம் வாடியிருக்குது?” என்று முத்துமணியைக் கேட்டார். கண்ணு என்பது யுவஸ்ரீயின் பெயர் இல்லையா?

ஒரு சனிக்கிழமை காலை, முத்துமணி ரொட்டியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

“பசிக்கலியாக்கா?”

“இல்ல பாப்பா.”

“அப்புறம் ஏன் வாங்கினீங்க?”

முத்துமணி லேசாகச் சிரித்தார். “பொங்கலுக்கு ஊருக்குப் போனது. அதுக்கப்புறம் போவல. இங்க வந்தா உங்க அம்மா சாப்பிட்டியான்னு கேக்காவல்லா... அதுக்குத்தான் தினமும் வாரேன்.”

தலையணை வாசம் புதன்கிழமைக்குள் தீர்ந்துபோகும் என்று யுவஸ்ரீக்குத் தெரியும். பொங்கலில் இருந்து என்றால்?

“அக்கா, நாளைக்குக் கடை லீவு. மத்தியானம் எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா கேப்பாங்க, நெறைய தடவ” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்துமணி வந்தார். கூடவே அவர் தங்கியிருந்த ஹாஸ்டலின் பொறுப்பாளர் ரேவதியும் வந்திருந்தார். அம்மா பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவர் கேட்டார். “எங்க பொண்ணுங்களுக்குச் சாயங்காலமும் இந்த ரொட்டி கிடைக்குமா? தினமும் எடுத்துக்கறோம்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்புறம் யுவஸ்ரீயைப் பார்த்தார். “நாளைக்குச் சொல்றேங்க” என்றார்.

யுவஸ்ரீக்கு இரண்டு ஆசை. அந்த அக்காக்களுக்கு மாலையில் சூடாக ஏதாவது கிடைக்க வேண்டும். அம்மாவும் வேண்டும். யோசித்துக்கொண்டே வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டு நாராயணம்மா வெளியே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள். பொழுது போகவில்லை என்று தினமும் புலம்புவார்.

“பாட்டி, உங்களுக்குக் கீரை ஆயத் தெரியுமா?”

“ஏமம்மா இப்படிக் கேக்கறே? கீரை ஆயறது, ரொட்டி தட்டறது எல்லாம் எனக்கு விளையாட்டு” என்றார் அவர், தெலுங்கு கலந்த தமிழில்.

“எங்க கடைக்குச் செய்வீங்களா? சம்பளம் உண்டு.”

“யாரு, நீ குடுப்பியா?”

“நான் இல்ல. கடை குடுக்கும்.”

நாராயணம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் எழுந்து கூடவே வந்துவிட்டார்.

அம்மாதான் தயங்கினார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொருத்தருக்குச் சம்பளம் குடுத்துட்டா நமக்கு என்னங்க மிஞ்சும்?” என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்வதற்குள், பின்னாலேயே வந்திருந்த யுவஸ்ரீ சொன்னாள்.

“சாயங்காலம் மிஞ்சும்மா.”

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். வெகு நேரம் விடவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து மாலை ரொட்டி நாராயணம்மாவின் பொறுப்பு ஆனது. தன்னை யாரும் பாட்டி என்று கூப்பிடக் கூடாது, மேனேஜர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

முதல் நாள் யுவஸ்ரீ பள்ளி விட்டு வந்தபோது, அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கீரை இல்லை. மாவு இல்லை.

“வா கண்ணு. என்ன பண்ணலாம்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. சும்மா உக்காரலாம்.”

அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, காலை மணி அடித்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். அம்மா ஒவ்வொன்றுக்கும், “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டார். பாதிக் கதையில் யுவஸ்ரீக்குக் கண் சொக்கியது. மீதியை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நாளைக்கும் அம்மா இங்கேதான் இருப்பார்.