ராஜராஜேஸ்வரிக்குப் போன ஓலைப்பெட்டி

1996. தீபாவளிக்கு மறுநாள், காலை 6.40.

பால்காரர் பூதலிங்கம் மூன்று தடவை மணி அடித்தும் ராஜராஜேஸ்வரி அம்மாள் செம்போடு வரவில்லை. ஒருநாளும் அவரைக் காக்க வைக்காத அம்மாள் அவள். சாத்தியிருந்த கதவைத் தள்ளிப் பார்த்தார். கூடத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாந்தி, திறந்த ஓலைப்பெட்டி ஒன்று, பாதி கடித்த சாக்லேட் ஒன்று. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பூதலிங்கம் தலையைத் தூக்கிப் பிடித்தபோது அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“நீலா தந்த மிட்டாயத்தான் தின்னேன், பூதலிங்கம்.”

ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த வளவில் இரண்டே வீடுகள். முன்வீட்டில் ராஜராஜேஸ்வரி, கணவனை இழந்தவள்; வீடு அவள் பேரில். பின்வீட்டில் அவள் தம்பி காந்திமதிநாதன், கல்லூரி ஒன்றில் வேதியியல் சோதனைக்கூட உதவியாளன். அவன் மனைவி நீலாம்பாள், பள்ளிக்கூட டீச்சர். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இல்லை. நாத்தனாருக்கும் நீலாம்பாளுக்கும் குழாய்த் தண்ணீரில் தொடங்கிய சண்டை. எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. “நாசமாப் போயிருவிய மதினி” என்று நீலாம்பாள் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஜோன்ஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

காலை 9.15. சப்-இன்ஸ்பெக்டர் சந்தனமாரிக்குக் கிடைத்த வேலை, பின்வீட்டு அடுப்படியைச் சோதிப்பது. அடுப்படி வாசலில் நீலாம்பாள் நின்றாள். கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் கேட்டது, “குளிச்சாச்சா?” என்றுதான். சந்தனமாரி குளித்திருந்தாள். ஜோன்ஸ் வெளியிலேயே நின்றுகொண்டார். புருஷனான தானே அந்த அடுப்படிப் படியைத் தாண்டியதில்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் இங்கே நின்றுதான் கேட்க வேண்டும் என்று காந்திமதிநாதன் அவரிடம் நெற்றி நிறைய விபூதியோடு சொல்லிக்கொண்டிருந்தான். அக்காளைப் பறிகொடுத்தவன் குரல் தழுதழுத்தது; ஜோன்ஸ் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அடுப்படி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கழுவிய டின்பால் டப்பாக்களில் கடுகும் சீரகமும் இருந்தன. கூடத்து அலமாரியில் மிட்டாய்ச் செய்முறை எழுதிய ஒரு கோடு போட்ட நோட்டு. அங்கிருந்த ஃபிரிஜ்ஜில்தான் மிட்டாய்ப் பெட்டிகள் தீபாவளிக்கு முந்தின இரவு முழுக்க இருந்திருக்கின்றன.

நீலாம்பாள் சொன்னது இவ்வளவுதான். தீபாவளிதோறும் புதினா வைத்து சாக்லேட் பூசிய மிட்டாய் செய்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பாள். உடன் வேலை பார்க்கும் அமலோற்பவம் டீச்சர் கற்றுக்கொடுத்தது. இந்த வருடம் ஒன்பது ஓலைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. அமலோற்பவமும் வந்து நாடா கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் பெட்டி நாத்தனாருக்கு.

“நல்ல நாளும் அதுவுமா பேசிருவோம்னுதான் நானே கொண்டு குடுத்தேன். மதினி சிரிச்சாவ.”

சமாதானத்துக்குக் கொண்டுபோன பெட்டி அவளைச் சிறைக்குக் கொண்டுபோனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொலைகாரி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை பேசினார்கள். சந்தனமாரிக்கு மட்டும் அந்த “குளிச்சாச்சா?” தொண்டையில் முள்ளாக நின்றது. அடுப்படிச் சுத்தத்துக்குப் போலீஸையே மறிக்கிறவள், அதே அடுப்படியில் விஷம் பிசைவாளா? ஆனால் முள்ளை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

இருபத்தைந்தாவது நாள், காலை 11.00. ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. இரண்டு பெட்டிகள் போயிருந்தன: செத்தவளுடையதும், பயந்துபோய்ப் பிரிக்காமலே அமலோற்பவம் கொண்டுவந்து கொடுத்ததும். முதல் பெட்டி: சர்க்கரை, கொக்கோ, புதினா எண்ணெய், முட்டை வெண்கரு, அரளி விதைச் சாரம். இரண்டாவது: சர்க்கரை, கொக்கோ, புதினா எண்ணெய், பால், விஷம் இல்லை. ஜோன்ஸ் அரளியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார். கறுப்புச் சாக்லேட்டின் கசப்பிலும் புதினாவின் காரத்திலும் அரளியின் கசப்பு மறைந்துவிட்டது, வழக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சந்தனமாரி சாப்பிடவில்லை. அறிக்கையை இரண்டாம் தடவை படித்தாள். பிறகு அமலோற்பவத்தைத் தேடிப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

பகல் 12.30. நோட்டில் இருந்த குறிப்பு தன் கையெழுத்துதான் என்றாள் அமலோற்பவம். மாமியாரிடம் கற்றதை அப்படியே எழுதிக் கொடுத்தது. அதில் முட்டை வெள்ளைக்கரு இரண்டு என்றுதான் இருக்கிறது. ஆனால் நீலாம்பாள் முட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே காதைப் பொத்தியவள். அதற்குப் பதில் டின்பால் ஊற்றிப் பிசைந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து அமலோற்பவம்தான் சிரித்திருக்கிறாள்.

“நோட்டுல ஏன் அடிச்சுத் திருத்தல?”

“நான் எழுதினத அடிச்சா எம்மனசு நோகும்னு விட்டுட்டா. அவ அப்படித்தான்.”

மாலை 4.10. கல்லூரி சோதனைக்கூடம். காந்திமதிநாதன் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். குற்றப்பத்திரிகை எழுதுகிறோம், ஒரே ஒரு விவரம் பாக்கி என்றாள் சந்தனமாரி. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உங்க வீட்டம்மா மிட்டாயில என்னவெல்லாம் போடுவாங்க?”

“சீனிப்பொடி கால் கிலோ. புதினா எண்ணெய் ஆறு சொட்டு. முட்டை வெள்ளக்கரு ரெண்டு. மேல சாக்லேட் பூச்சு.”

“முட்டையா? சைவ வீட்லயா?”

“என்ன செய்ய? சொன்னா கேக்குத ஆளா அவ? ஊருக்குத் தெரியாம ஒடைப்பா.”

“நீங்க பாத்திருக்கியளா?”

“நான் எங்க அடுப்படிக்குப் போறேன்? நோட்டுல எழுதிருக்குல்லா.”

சந்தனமாரி பேனாவை மூடினாள்.

“அக்காளக் கொன்னது நீங்கதான்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் நிதானமாகச் சொன்னாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நீலாம்பாளின் சட்டியில் முட்டை ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே விஷ மிட்டாய் அவள் சட்டியில் கிண்டியதல்ல. வேறு யாரோ நோட்டைப் பார்த்துச் செய்தது. அமலோற்பவம் செய்திருந்தால் பால் ஊற்றியிருப்பாள். அவளுக்கு உண்மை தெரியும். நோட்டைப் படித்திருந்தும் அடுப்படியை எட்டிப் பார்க்காதவர் ஒருவர்தான். மனைவி செய்த மிட்டாயில் விஷம் வைக்க மேல்பூச்சை உடைக்க வேண்டும், உடைத்தால் அடையாளம் தெரியும். அதனால் புதிதாகவே செய்திருக்கிறார். சோதனைக்கூடத்து ஆள் எழுதியிருக்கிறபடிதான் செய்வார், ஒரு சொட்டுகூட மாற்ற மாட்டார். இரவில் ஃபிரிஜ்ஜைத் திறந்து பெயர்ச்சீட்டைப் பார்த்து மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“தீபாவளி முடிஞ்சதும் முன்வீட்டக் கோயிலுக்கு எழுதி வைக்கப்போறேன்னு உங்கக்கா பூதலிங்கத்துட்ட சொல்லியிருக்காங்க. வீடும் உங்களுக்கு வேணும், பழி போக ஆளும் வேணும்.”

“முட்டைய நான் கையாலயும் தொட்டதில்ல.”

“காலேஜ் வாசல் கடை அகமது மீரான் அண்ணாச்சி வேற மாதிரி சொல்லுதாரே. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால விபூதி பூசின பிள்ளைவாள் ரெண்டு முட்டை வாங்கி, பேப்பர்ல சுத்தி, யார்ட்டயும் சொல்லாதயும்னாராம். யார்ட்டயும் சொல்லாதன்னா மறக்குமா?”

காந்திமதிநாதனின் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. ஆறு மணிக்கெல்லாம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

நான்கு நாள் கழித்து, காலை 10.20. சிறை வாசலில் நீலாம்பாளை அழைத்துப்போகச் சந்தனமாரியே வந்திருந்தாள். வேறு யார் வருவார்கள்? வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தாலி கட்டியவன் தன்னைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்ததை நீலாம்பாள் அசையாமல் கேட்டாள். எதனால் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்டாள். முட்டையைச் சொன்னதும் முகம் மாறியது.

“அப்போ என் மிட்டாயில முட்டை இருக்குன்னுதான் அவிய நெனச்சிருந்தாவளா?”

“ஆமா.”

“வருசா வருசம் தின்னாவளே. நல்லாருக்கு நீலான்னு சொல்லித் தின்னாவளே.”

ஆறுதலாகச் சொல்லலாமென்று சந்தனமாரி வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் இதற்கு உதவாது. கொலைக்குப் பதில் சொல்லச் சட்டம் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது?

“விளக்கேத்துத வீட்டுல நான் திருட்டுத்தனமா முட்டை ஒடைக்கிறவன்னு நெனச்சுக்கிட்டே இருபது வருசம் எங்கூட இருந்திருக்காவ. வாசல்ல நின்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, தாயி?”

கைதான அன்றும் அவள் அழவில்லை. சிறையில் ஒருநாளும் அழவில்லை என்று வார்டன் சொல்லியிருந்தாள். இப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.