மூன்று தட்டு

வண்டி வேகமெடுத்தால் சத்தமும் வேகமெடுக்க வேண்டும். சக்கரத்தில் எந்தக் கோளாறு என்றாலும் அதுதான் வழக்கம். இருபது வருஷமாக வண்டிகளோடு மல்லுக்கட்டும் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் சிங்காரவேலுவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் புதிதாக அலாய் வீல் மாட்டிய நாளிலிருந்து அவருடைய பழைய ஃபியட்டின் அடியில் கேட்ட சத்தம், இருபதில் போனாலும் அறுபதில் போனாலும் ஒரே நிதானமாக வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக், டொக், டொக். அந்த நிதானம்தான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

முதல் வசவு வீலை மாட்டிய மெக்கானிக் குழந்தைவேலுக்கு விழுந்தது. பழைய இரும்பு ரிம்முக்கான நட்டு இந்த வீலில் சரியாக உட்காராது என்று அவன் வேறு நட்டு போட்டான். சத்தம் நிற்கவில்லை. டயர் அகலம், மட்கார்டில் உரசுகிறதோ என்று மட்கார்டு விளிம்பைத் தட்டி மடக்கினான். டயர் இடுக்கில் மாட்டிய சரளைக்கல்லை எல்லாம் ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். பேரிங் மாற்றினான். ஒவ்வொரு முறையும் சிங்காரவேலு வண்டியை எடுத்துக்கொண்டு வடக்குத்து ரோட்டில் ஒரு சுற்றுப் போவார், போனதைவிடக் கடுப்பாகத் திரும்பி வருவார்.

"வேல தெரியலன்னா மாடு மேய்க்கப் போடா!"

"ரெண்டு நாளு அந்த வீலக் கழட்டி வெச்சிட்டுப் பாப்பமா சார்?"

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

அந்த வீலைக் கழற்றினால் அவருடைய பெருமையைக் கழற்றிய மாதிரி. அவருடைய முதலாளியான கான்ட்ராக்டர் மெட்ராஸிலிருந்து ஆள் வைத்து வரவழைத்துக் கொடுத்த வீல் அது. நெய்வேலி முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஜோடி கிடைக்காது. எதற்காகக் கொடுத்தார் என்று கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? செத்துப்போன கலியனுக்காகத்தான்.

கலியன் அந்தக் கான்ட்ராக்டரின் ஷெட்டில் கூலி ஆள். சுரங்க வேலை எடுத்துச் செய்யும் ஷெட் என்பதால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த வண்டிக்கு அடியில் புகுந்தாலும், புகுகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அந்த வண்டியின் லீவரில் மாட்டிவிட்டுத்தான் புக வேண்டும். அவனே வெளியே வந்து அதை எடுக்கும்வரை வேறு எவனும் லீவரைத் தொடக்கூடாது. சந்தேகம் வந்தால் அடியில் இருப்பவன் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவான். ஆள் இருக்கிறேன், அசைக்காதே என்று அர்த்தம்.

போன மாசி மாதம், தூக்கி நிறுத்தியிருந்த டிப்பர் தொட்டிக்கு அடியில் கலியன் வேலை செய்துகொண்டிருந்தான். லோடு நிற்கிறது என்று கான்ட்ராக்டர் போனில் கத்தினார். அந்தக் கத்தலை அப்படியே வாங்கிக்கொண்டு வந்த சிங்காரவேலு, லீவரில் நாற்பத்தொன்றாம் நம்பர் தொங்குவதைப் பார்த்தார்.

"எந்த நாயிடா இத இங்க மாட்டுனது?"

பிடுங்கி எறிந்துவிட்டுத் தொட்டியை இறக்கினார்.

சாயங்காலம் அந்த டோக்கனைத் தேடி எடுத்துக் கழிவு ஆயில் பீப்பாயில் போட்டார். டோக்கன் மாட்டாமல் புகுந்தான், அவன் தப்பு என்று எழுதிக் கொடுத்தார். கலியனின் மனைவி வீராயிக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் விடாமல் மனு மேல் மனு போட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கடலூரில் மறுவிசாரணை. சிங்காரவேலு அதே பொய்யை இன்னொரு தரம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் அவருக்கு ஜெயில். கான்ட்ராக்டரும் இதே காரில்தான் வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்று காலையும் சத்தம் கேட்டதும் பொறுக்கமாட்டாமல் வடக்குத்து பஸ் ஸ்டாப் அருகில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். புளிய மர நிழலில் வீராயி நின்றிருந்தாள்.

"நாளைக்கு கடலூருக்கு வர்றீங்களாமே சார்."

அவர் முன்சக்கரத்தை உதைத்தார்.

"டோக்கன மாட்டாம அவுரு எதுக்கும் அடியில பூந்ததே இல்லீங்க. வூட்டுல கட்டுலுக்கு அடியில பூர்றதுன்னாக்கூட தமாசுக்கு அத மேல மாட்டிட்டுத்தான் பூருவாரு. உங்களுக்குத் தெரியாததா?"

டொக், டொக், டொக்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. வீராயி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"உள்ள யாராச்சும் வேல செஞ்சிக்கினு இருக்காங்களா சார்?"

"ஒன்னும் இல்ல! தள்ளி நில்லு!" என்று குரைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கியர் சட்டென்று விழவில்லை. கியர்மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து குழந்தைவேலை வரவழைத்தார். நின்ற வண்டியின் அருகே இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். சத்தம் வந்தது. குழந்தைவேல் தன் பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"சார், இது வீலு சத்தம் இல்லீங்க. ஆளு சத்தம்."

"உளறாதடா!"

"நானும் ஷெட்டுல இருந்தவந்தாங்க. மூணு தட்டு எனக்குத் தெரியாதா? அந்த வீலக் கழட்டிக் குடுத்துடுங்க. நாளைக்கி உள்ளதச் சொல்லிடுங்க சார்."

சிங்காரவேலு கையில் இருந்த ஸ்பேனரை அவன்மேல் வீசினார். அவன் கூலிகூடக் கேட்காமல் ஓடிவிட்டான்.

மனைவி தனபாக்கியம் குறிஞ்சிப்பாடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கத்திரி வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. கொடியில் காய்ந்த வேட்டிமேல் சாம்பல் தூசி படிந்திருந்தது. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, சாக்கை விரித்து, வீசிய ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு தானே அடியில் புகுந்தார். ஸ்டீயரிங்கில் எதையும் மாட்டவில்லை. சொந்த வண்டி, சட்டைப் பையில் சாவி, எவன் வந்து அசைக்கப்போகிறான்?

புகுந்தவுடன் சத்தம் நின்றுவிட்டது. ஐந்து நாளாக அவரை விடாமல் துரத்திய சத்தம். அந்த அமைதியில் எங்கோ தூரத்தில் இரண்டு மணி ஷிஃப்டுக்குச் சங்கு ஊதி ஓய்ந்தது. மூக்கருகே ஒரு வாடை வந்தது. பெட்ரோல் இல்லை, கிரீஸ் இல்லை. மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்து புளித்த கழிவு ஆயிலின் வாடை. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துப் பார்த்தார். கறுப்பு. அவர் வண்டியில் எங்குமே ஒழுகல் கிடையாது.

அப்போது அவருக்கு ஒன்று நினைவு வந்தது. விசாரணையில் சொல்லாதது, மனைவியிடமும் சொல்லாதது. அன்று லீவரைப் பிடித்தபோது மூன்று தட்டு கேட்டது. நன்றாகவே கேட்டது. அவருக்குக் கோபம். அவ்வளவுதான்.

மணலில் காலடி.

"எவன்டா அது?"

காலடி கதவருகே வந்து நின்றது. சாக்கில் கிடந்தபடி தலையைத் திருப்பினார். பழுப்புச் செருப்பு. இடது வார் வெள்ளை நூலால் தைத்தது. தன் காலைப் பார்த்தார். அதே செருப்பு. அதே வெள்ளை நூல்.

கதவு திறந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

சாவி பையில் இருந்தது. நெஞ்சில் குத்தியது. இன்ஜின் உறுமியது.

நகர முடியவில்லை. தோள் இடித்தது. ஸ்பேனர் கையில் பட்டது. எடுத்தார். தலைக்கு மேலிருந்த இரும்பில் அடித்தார்.

டொக். டொக். டொக்.

அந்தச் சத்தம். அதே நிதானம்.

"ஆள் இருக்கேன்! அசைக்காதே! டோக்கன் இருந்துச்சு! நாளைக்கு கடலூர்ல சொல்லிடறேன்! இருந்துச்சுன்னு சொல்லிடறேன்!"

மேலிருந்து குரல் வந்தது. சிங்காரவேலுவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவருடைய சொந்தக் குரல்.

"எந்த நாயிடா இத இங்க மாட்டுனது?"

பித்தளை டோக்கன் ஒன்று மணலில் வந்து விழுந்தது. உருண்டு, அவர் முகத்தருகே சாய்ந்து நின்றது. ஆயில் சொட்டியது. நாற்பத்தொன்று.

மேலே இருப்பவன் எப்பேர்ப்பட்ட கோபக்காரன் என்று அவருக்குத் தெரியும். தட்டினால் கேட்கும் என்றும் தெரியும். கேட்டாலும் நிறுத்தமாட்டான் என்றும் தெரியும்.

ஜாக்கி கிறீச்சிட்டது.

அவர் மறுபடியும் தட்டினார்.