தொட்டி கேட்கும் கேள்வி

பேய்க்கதை சொல்ல உட்காருகிறவர்கள் முதலில் ஒரு ராத்திரியைக் கொண்டுவந்து வைப்பார்கள். என்னிடம் ராத்திரி கிடையாது. நான் அந்தக் காகித ஆலை வாசலில் போய் இறங்கியது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில். காவலாளி என் பையைக் குடைந்து பார்த்துவிட்டு ஒரு தலைக்கவசத்தைக் கொடுத்தார். அது என் தலைக்கு இரண்டு மடங்கு பெரிது. கண்ணை மறைத்த அதைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு, அந்த எரிச்சலோடுதான் உள்ளே நுழைந்தேன்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களுக்கு நோய் முற்றுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான். மோட்டார், பேரிங், தொட்டிச் சுவர் என்று எல்லாவற்றின் மீதும் தீப்பெட்டி அளவில் சென்சார் ஒட்டியிருக்கும். அதிர்வு, சூடு, இழுக்கிற மின்சாரம் எல்லாம் நெட்வொர்க் வழியாக ஒரு கணினிக்கு வந்து சேரும். முதல் சில வாரங்கள் அந்தக் கணினி சும்மா வேடிக்கை பார்க்கும். இந்த இயந்திரம் வழக்கமாக எப்படி ஓடுகிறது என்று படித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் திரையில் கேட்கும்: 'இது இயல்பா?' பக்கத்தில் இருக்கிற ஆள் ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். படித்து முடித்த பிறகு, வழக்கத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் சிவப்பு விளக்கு எரியும். அடுத்த மாதம் உடையப் போகிற பேரிங்கை இந்த மாதமே மாற்றிவிடலாம். இதில் மந்திரமும் கிடையாது, மாயமும் கிடையாது.

என்னை வரச் சொன்னது என் அண்ணன். அந்த ஆலையில் தலைமை ஃபிட்டர். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டரைக் கிண்டல் செய்தவன். அப்படிப்பட்டவன் போனில் குரல் இறங்கிப் பேசினான். இன்னொரு தடவை தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்றான். பின்னாலிருந்து அண்ணி அழுதது எனக்குக் கேட்டது.

தொட்டி என்றால் இரண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணில் புதைத்த இரும்புத் தொட்டி. பழைய காகிதக் கட்டுகள் பெல்ட்டில் ஏறிப் போய் அதற்குள் விழும். அடியில் பற்கள் வைத்த பெரிய சுழலி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் காகிதமும் அரைபட்டுச் சாம்பல் நிறக் கூழாக வெளியே போகும். அந்த இடம் முழுக்க ஊறிப்போன துணி நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்க விரும்பவில்லை.

சிக்கல் இதுதான். தினமும் மதியமானால் தொட்டிக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. சிவப்பு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, கூழை வடித்து, ஒரு ஆள் உள்ளே இறங்கிப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அந்த ஆள் அண்ணன். அவனும் இறங்கி இறங்கிப் பார்க்கிறான், ஒரு கோளாறும் இல்லை. ஓடவிட்டால் மறுநாள் மதியம் திரும்பவும் சிவப்பு.

"உள்ள நின்னா செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ தட்டுறாங்கடி," என்றான் அண்ணன், தொட்டி விளிம்பில் நின்றுகொண்டு.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"மண்ணு."

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார், சத்தம் நின்றுவிடும் என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. என் கிண்டலுக்கு அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. அன்று மதியமும் சிவப்பு வந்தால் அவன் இறங்க வேண்டும். அதற்குள் நான் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கட்டுப்பாட்டு அறை தொட்டிக்கு நேர் மேலே, கண்ணாடிச் சுவர் வைத்து இருந்தது. அங்கே மேனேஜர் இருந்தார். எதற்கெடுத்தாலும் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டுவதால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் சீக்கிரம் சார். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே சீக்கிரம் என்றார். வாயை மூடிக்கொண்டு கணினியைத் திறந்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்கே குழம்பியது. சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரத்தில் ஏதோ ஒன்று கூடுதலாக வந்திருக்கும். புது ஆட்டம், புது சூடு, இப்படி. இங்கே தலைகீழ். கணினியின் புகார், ஏதோ ஒன்று வரவில்லை என்பது. மதியமானால் வர வேண்டியது வரவில்லையாம்.

என்ன வர வேண்டும் என்று தேடிக்கொண்டு, அது படித்த நாட்களுக்குப் போனேன். ஒரு மதியத்தில் கை நின்றுவிட்டது. தொட்டிக்குள் கனமாக ஒன்று விழுந்திருக்கிறது. காகிதக் கட்டு விழுந்தால் சுழலி அதைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போய்விடும். இது சுழலியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மோட்டார் திணறி, மின்சாரத்தை இழுத்து, மறுபடி சுற்றி, மறுபடி திணறியிருக்கிறது. அதே நேரத்தில் சுவர் சென்சாரில் சின்னச் சின்ன அடிகள். வேகமாகச் சில, கொஞ்சம் இடைவெளி, மறுபடி வேகமாகச் சில. பிறகு மெதுவாக. பிறகு ஒன்றே ஒன்று.

காகிதம் சுவரைத் தட்டாது.

பெல்ட்டின் வாயில் நின்று கட்டுகளின் கம்பியை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான். கத்திரி என்று கூப்பிடுவார்களாம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார் என்று ஆலையில் சொன்னார்களாம். செருப்பைப் பெல்ட்டடியில் விட்டுவிட்டா ஓடுவான் என்று அண்ணன் கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றார்களாம்.

அந்த அடிகளுக்குக் கீழே கணினி கேட்டிருந்தது: இது இயல்பா? பதில்: ஆம். திரும்பவும் கேட்டிருந்தது. ஆம். சுவரில் கை விழ விழக் கேட்டிருந்தது. ஆம், ஆம், ஆம்.

"அன்னிக்கு இந்த நாற்காலியில யாரு சார் உக்காந்திருந்தது?"

"நான்தான். அது எப்பவும் கத்திக்கிட்டேதான் கெடக்கும்மா. ஆம்னு ஒரு தட்டு தட்டினா வாய மூடிக்கும். ஓட்டம் நிக்கக் கூடாதுல்ல?"

ஒரு மனிதன் உள்ளே கிழிபடுவதுதான் வழக்கம் என்று இந்த ஆள் அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது நல்ல பிள்ளையாகப் படித்துக்கொண்டது. யாரும் சாகாத ஒவ்வொரு மதியமும் அதற்குக் கோளாறு.

அந்த நேரம் பார்த்துச் சைரன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். தினமும் வருவதுதானே என்று, சிவப்பு எரிவதற்கு முன்னாலேயே தொட்டியை வடித்துவிட்டிருந்தார்கள். அண்ணன் ஏணியில் பாதி இறங்கிவிட்டான். மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். நான் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் கால் தொட்டியின் அடியைத் தொட்டது.

திரையில் சிவப்பு வெளுத்து மஞ்சளானது.

மின்சாரம் பூஜ்ஜியம் என்றுதான் காட்டியது. நான் சத்தியம் செய்வேன், பூஜ்ஜியம்.

சுழலி அசைந்தது.

மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு சுற்று. அண்ணன் ஏணியைத் தாவிப் பிடித்தான். அடுத்த சுற்றில் ஒரு பல் அவன் வலது காலைப் பிடித்து இழுத்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. தொட்டிச் சுவரில் சாம்பல் கூழுக்கு மேல் சிவப்பாகத் தெறித்தது. அவன் கத்தவில்லை. இரண்டு கையாலும் சுவரை அடித்தான். வேகமாகச் சில, கொஞ்சம் இடைவெளி, மறுபடி வேகமாகச் சில.

திரை கேட்டது: இது இயல்பா?

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. சைரன் கேட்டால் ஆம் என்று தட்டிப் பழகிய கை. அந்த ஆள் கீழே பார்க்கக்கூட இல்லை.

பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம். அவர் இன்னொரு கையால் என் முகத்தில் குத்தினார், என் முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் விழுந்தது. மேசையில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது. எடுத்து அவர் மணிக்கட்டில் இறக்கினேன். இன்னொரு தடவை இறக்கினேன். கை தொங்கிப் போய் அவர் தரையில் உருண்டார். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. ரத்த விரலால் தட்டினேன்.

இல்லை.

சுழலி அந்த நொடியே நின்றது.

அண்ணனை மேலே தூக்கியபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. உயிர் இருந்தது. அது போதும் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு போலீஸ் வந்தது. கழிவு வடிகட்டியைப் பிரித்துக் கொட்டினார்கள். ஒரு இடுப்பு பெல்ட்டின் கொக்கியும், கம்பிச் சுருளில் சிக்கிய மனிதப் பற்களும் கிடைத்தன. தொட்டியை அறுத்து இரும்புக்கடையில் போட்டார்கள். அந்தக் கணினி படித்த அத்தனையையும் என் கையாலேயே அழித்தேன். மேனேஜர் ஜாமீனில் வெளியே வந்து, கையில் கட்டோடு வேறு ஒரு ஆலையில் சேர்ந்துவிட்டார். அண்ணனையும் அண்ணியையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொண்டு, அந்த மேனேஜர் காரில் போகிறான், நான் நொண்டுகிறேன் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கிண்டல் எல்லாம் அந்தத் தொட்டியோடு போயிற்று.

ஒரு மதியம் என் கைபேசி அதிர்ந்தது. வெள்ளைத் திரையில் ஒரே வரி.

இது இயல்பா?

பதறிப் போய் இல்லை என்று தட்டினேன். மறுநாளும் வந்தது. கைபேசியை மாற்றினேன், புதியதிலும் வந்தது. அண்ணனிடம் மட்டும் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு மதியமானால் இல்லை என்று தட்டிவிட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் நான் குளித்துவிட்டு வரும்போது கைபேசி அண்ணன் கையில் இருந்தது.

"என்னண்ணே பண்ணினே?"

"காதுல வெச்சுக் கேட்டேன். உள்ளேர்ந்து தட்டினான். காப்பாத்து, சீக்கிரம், சீக்கிரம்னு கத்தினான். குரல் தெரிஞ்சுது." நிதானமாகக் கைபேசியை என்னிடம் நீட்டினான். "ஆம்னு தட்டிட்டேன்."

சாயங்காலம் செய்தியில் காட்டினார்கள். சிக்னலில் நின்றிருந்த கார், பச்சை விழுந்தும் நகரவில்லையாம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, உள்ளே கூரை வரைக்கும் சாம்பல் நிறக் கூழ். கதவைத் திறந்ததும் சாலையில் கொட்டியது. அதில் விரல் நீளத்துக்கு மேல் ஒரு எலும்பு இல்லை. ஒரு மணிக்கட்டு மட்டும், மாவுக்கட்டோடு, முழுசாகக் கிடந்ததாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்திரிக்கு ஆம் சொன்னவரை அது உள்ளே வைத்திருந்தது. அத்தனை நாளும் நான் இல்லை இல்லை என்று தட்டி அந்த ஆளைத்தான் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். சரி, தொலைந்தது, இனி வராது என்று நினைத்தேன். அண்ணன் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் மதியம் கைபேசி அதிர்ந்தது.

அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "அவன்தான் செத்துட்டானே. இப்ப உள்ள யாருண்ணே?"

அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக் காதில் வைத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். சிரிப்பு போயிற்று, முகத்திலிருந்த ரத்தமும் போயிற்று. கைபேசி மடியில் நழுவி விழுந்தது.

"நான்தான்டி," என்றான்.

நான் இல்லை என்று தட்டினேன். அன்றிலிருந்து அதைக் கையைவிட்டுக் கீழே வைத்ததில்லை. குளிக்கும்போதும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அண்ணியிடம்கூடத் தருவதில்லை, அவளும் காரணம் கேட்பதில்லை.

இன்று மதியமும் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

அதே கேள்வி. கீழே ஒரே ஒரு பொத்தான்.

ஆம்.

திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வேறு பொத்தான் இல்லை. அடுத்த அறையில் அண்ணன் அண்ணியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.