சிரிக்காத லூயிஸ் சார்

ரங்கூன் கப்பலில் வந்து இறங்கி, டிராமில் மயிலாப்பூர் சேர்ந்து, அங்கிருந்து சாந்தோமுக்கு நடந்தேன். லூயிஸ் சார் இறந்து நான்கு மாதம் கழித்துத் துக்கம் விசாரிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அவர் வகுப்புக்கும் இப்படித்தான் வருவேன்.

காலேஜில் எனக்குக் கேலி எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் வாசித்தால் வகுப்பே சிரித்து உருளும். அவர் மட்டும் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "அடுத்தது" என்பார். ஒரே ஒரு தடவை அவரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். ரங்கூனில் இருந்த ஐந்து வருஷமும் எனக்கு வேறு லட்சியம் இருந்ததில்லை.

கதவைத் திறந்த அவர் மனைவி அல்போன்சா அம்மாளின் முகத்தில் துக்கத்தைக் காணோம். பயம்தான் இருந்தது.

"வா மாசிலாமணி. சாயங்காலமானா அவரு ரூம்லே சிரிப்புச் சத்தம் கேக்குதுப்பா."

"யாரு சிரிக்கிறது?"

"அவருதான். முப்பது வருசம் குடித்தனம் பண்ணேன், ஒரு நாள் சிரிச்சதில்லே. இப்ப இன்னா வந்துச்சு அவருக்கு?"

மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. கடலிலிருந்து உப்புக்காற்று வந்தது. கூடத்தில் இருட்டு மெல்லப் பரவியது.

அப்போது கேட்டது.

வாய்க்குள்ளேயே அடக்கிய, தணிந்த சிரிப்பு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருந்தது. என்னால் முடியாததை யார் சாதித்தது?

கதவைத் தள்ளினேன்.

சிரிப்பு நின்றது.

உள்ளே பொடி வாசனை. காலி நாற்காலி. அதன் முன்னால் நின்று ஆரம்பித்தேன்.

"சார், கப்பல்லே எனக்குப் பக்கத்துப் பாயிலே ஒரு ஜோசியர். எனக்குத் தண்ணியிலே கண்டமில்லேன்னு சொன்னார். சொல்லிட்டு, ராத்திரி பூரா என்னையே கட்டிப் புடிச்சிக்கினு படுத்திருந்தார்."

நிசப்தம்.

இன்னொன்று சொன்னேன். அதற்கும் நிசப்தம்.

"அடுத்ததுன்னாவது சொல்லுங்க சார்."

நாற்காலியின் கையைப் பிடித்தேன். இவ்வளவு நேரம் கட்டி வைத்திருந்த முகம் உடைந்தது. தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அல்போன்சா அம்மாள் விளக்கோடு நின்றிருந்தார்.

"உள்ளே உன்கூட யாருப்பா?"

"யாருமில்லேம்மா. நான்தான் அழுதேன்."

அவர் என் தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தார்.

"நீதான் வெளியே வந்துட்டியே. அழுகை இன்னும் நிக்கலியே."