கம்பி வலைக்கு அடியில்

அந்தப் பள்ளத்தில் அட்டை கடிக்கவில்லை.

இலங்கை மலையகத்து மடுல்சீமையில், அதுவும் மழை விட்டுவிட்டுப் பெய்கிற காலத்தில், அட்டை கடிக்காத இடம் என்று ஒன்று இருப்பதாக ஜெசீகா கேள்விப்பட்டதே இல்லை. வரும் வழி நெடுக மானாப்புல் நுனிகளில் அவை நின்று ஆடும். கணுக்காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் சப்பாத்தின் துளை வழியே நுழைந்துவிடும். பள்ளத்தில் இறங்கி, கம்பி வலை விரித்திருந்த வெளிக்கு வந்தால் ஒன்றுகூட இல்லை. முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் வலையின் ஓரத்தில் குந்தி இணைப்புகளைத் துடைத்தபோதுதான் அவற்றைக் கண்டாள். கறுத்த றப்பர்த் துண்டுகள் போல ஓரம் முழுக்க ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் புரட்டினாள். அட்டை. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். யாரோ உறிஞ்சிவிட்டுத் துப்பியது போல.

வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்க மனம் வராமல் துப்பினாள்.

"என்ன மிஸ்ஸு, மசக்கையா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பவுலினா. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு லயத்துக்காரி, பகலில் சமைத்துக் கொடுக்கவும் சாமான்களைப் பார்த்துக்கொள்ளவும் பல்கலைக்கழகம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. லுணுகலையில் மகள் வீட்டில் நீண்ட நாள் தங்கிவிட்டு முந்தின நாள்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

"கல்யாணமே ஆகல, மசக்கையாம். இதப் பாருங்கக்கா."

பவுலினா குனிந்து பார்த்தாள். "உப்பு போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அட்டைய அட்டை கடிச்சிருச்சா? சீ, என்ன கண்றாவி."

மண்ணின் குறுக்கீடு வராதபடி விரித்த வலையின் நடுவே, நாலு கால் தகர மேசையைப் போல ஆண்டெனா நின்றது. நாலு பக்கமும் மலை மறைத்ததால் எந்த வானொலி நிலையத்தின் அலையும் எட்டாத பள்ளம் என்று, காடாகிப்போன இந்தத் தேயிலை மலையை அவளுடைய ஆய்வை வழிநடத்தும் வீரசிங்கம் சேர் தேடித்தேடிப் பிடித்திருந்தார். கைபேசிகூட இங்கே அணைத்தே இருக்க வேண்டும். அவர்கள் கேட்க நினைத்தது அவ்வளவு மெல்லிய ஒன்று. நட்சத்திரம் எதுவும் இல்லாத நீண்ட இருட்டுக்குப் பிறகு முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியபோது, அண்டமெங்கும் நிறைந்திருந்த ஐதரசன் வாயு வானொலி அலையில் ஒரு துளியை விழுங்கியது. அந்த விழுங்கல் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. வரைபில் ஒரு சின்னக் குழியாகத் தெரிய வேண்டும். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அந்தக் குழியைக் கண்டோம் என்றார்கள். தென்னிந்தியாவில் ஆண்டெனாவை நீர்மேல் மிதக்கவிட்டுக் கேட்டவர்கள், அப்படி ஒன்றும் இல்லையே என்றார்கள். அப்போதிருந்து உலகம் முழுக்க ஒரே கேள்விதான்: கேட்டது வானத்தையா, ஆண்டெனாவுக்குக் கீழே இருந்த மண்ணையா?

ஜெசீகாவின் வரைபிலும் குழி விழுந்திருந்தது.

அன்று மத்தியானம் அதைச் சொல்லத்தான் மலையேறி, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிற வளைவுவரை போயிருந்தாள்.

"குழி இருக்கு சேர். நாளுக்கு நாள் ஆழமாகுது."

மறுமுனையில் வீரசிங்கம் பெருமூச்சு விட்டார். "அதுதான் பயம். வானம் அப்படி நாளுக்கு நாள் மாறாது ஜெசீகா. மண்ணு ஈரம்தான் மாறும். இன்னைக்கே வலையைத் தூக்கி அடியில பாத்துச் சொல்லுங்க. மண்ணா இருந்தா மூணு வருச வேலையும் குப்பை. உங்க பட்டமும் அதோட போச்சு."

"வானமா இருந்தா?"

"நல்ல பல்கலைக்கழகமாப் பாத்து நீங்களே தெரிவு செய்யலாம். அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அம்மா இன்னமும் கொழுந்துக் கூடை சுமக்கிறாள். முழங்கால் இரண்டும் வீங்கி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குகிறாள். ஜெசீகா திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒன்றையே முணுமுணுத்தாள். மண் வெறும் மண்ணாக இருக்கட்டும். காய்ந்த, செத்த, ஒன்றுமில்லாத மண்ணாக.

ஆனால் நாற்றம் இருந்தது.

நாலைந்து நாளாகவே இருந்தது. முதலில் கருவிப் பெட்டிக்குள் எலி செத்திருக்கிறது என்று நினைத்தாள். பெட்டியைக் கழற்றித் தேடியும் எலி இல்லை. செத்த நாற்றமும் இல்லை அது. செத்ததென்றால் விலகிப்போகலாம். இது வெதுவெதுப்பாக, துருவும் புளித்த பாலும் கலந்தாற்போல, மழைக்கு முன் காற்றில்லாத நேரங்களில் பள்ளம் முழுக்கத் தேங்கி நின்று, தலைமுடியில் ஏறி, சோற்றில் ஏறி, பல் துலக்கினாலும் நாக்கின் அடியில் தங்கியது. எங்கேயோ முகர்ந்த நாற்றம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"மிஸ்ஸு, இது என்ன கிறீஸா?" பவுலினா வலையின் கம்பியில் ஒரு விரலை ஓட்டி எடுத்தாள். விரல் நுனியில் வெள்ளையாக, வெண்ணெய் போலக் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"கிறீஸ் எதுவும் பூசலையே."

பவுலினா அதை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "பொறந்த புள்ள மேல ஒட்டியிருக்குமே மாவு மாதிரி, அது மாதிரி இருக்கு."

"அக்கா, சும்மா இருங்க."

"நாலு பெத்தவ சொல்றேன்." விரலைப் பாவாடையில் துடைத்தாள், போதாதென்று மறுபடியும் துடைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். "ஆமா, இங்க கெடந்த கல்லெல்லாம் எங்க?"

"வலை மட்டமா இருக்கணும்னு பெரகலையில இருந்து வந்த ஆளுங்க பொறுக்கிட்டாங்க. அந்தா, ஓரத்துல வலைக்குப் பாரமா வச்சிருக்கே, அதுதான். தோட்டத்து ஆம்பளைங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க, அடியில ஏதும் பொதைச்சிருக்கான்னு. ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாங்க."

"அவனுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள் பவுலினா. "இது பொம்பளைங்க விசயம். ஆம்பளைக்குச் சொல்றதில்ல."

பள்ளத்தின் வாயில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சவுக்கு மரங்களின் தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"ரோடு இல்லாத காலம். எல்லாப் பேறும் லயத்துக்குள்ளதான். நஞ்சுக்கொடிய வாழயிலையில சுத்தி, பொழுது சாய இங்க கொண்டாந்து பொதைச்சுட்டு, மேல ஒரு கல்லு வைப்போம். எங்க மாமியா, அவங்க மாமியா, எல்லாரும். என்னோடது நாலும் இங்கதான் கெடக்கு."

"கல்லு எதுக்கு? நாய் தோண்டாம இருக்கவா?"

பவுலினா ஓரத்துக் கல் ஒன்றைக் காலால் தொட்டுப் பார்த்தாள். "நாய்க்குத்தான்னு ஃபாதர்கிட்ட சொல்லுவோம்" என்றாள் கடைசியில்.

இப்போது ஜெசீகாவுக்கு அந்த நாற்றம் நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தில் அடுத்த காம்பரா அறையில் யாருக்கோ பேறு நடந்தது. கதவு திறந்ததும் ஒரு சூடான காற்று வந்தது. அதே காற்று. அவள் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தாள். வலையின் மூலைக்குப் போய்க் குந்தினாள். பார்த்தே ஆகவேண்டும். ஒரு மூலையைத் தூக்கினால் போதும். மண் இருக்கும். மண்தான் இருக்கும்.

"வேணாம் மிஸ்ஸு. நாளைக்கு ஆளுங்கள வச்சுத் தூக்கலாம்."

"சேர் இன்னைக்கே பதில் கேட்டாரு. இத விட்டா எங்கம்மாவுக்குக் கூடைதான் கதி."

ஓரத்துக் கட்டுகளை வெட்டினாள். மூலையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இருவருமாக இழுத்தார்கள். புண்ணில் காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்க்கிற சத்தத்தோடு வலை மேலே வந்தது. கம்பிகளிலிருந்து நூல் நூலாகச் சளி இழுபட்டது.

மண் இல்லை.

கருஞ்சிவப்பு. பஞ்சு போல ஊறிய தசை. வலையின் கட்டங்கள் அதன் மேல் சதுரம் சதுரமாகப் பதிந்திருந்தன. சில சதுரங்களில் அது கம்பிக்கு மேலேயே பிதுங்கி வளர்ந்து, இப்போது கிழிந்து, ஊறிக்கொண்டிருந்தது. அதன்மேல் விரல் தடிமனில் நீல நரம்புகள். ஆவி பறந்தது. மொத்தப் பரப்பும் மெல்ல ஏறியது. இறங்கியது.

"எல்லாம் ஒண்ணாச் சேந்துருச்சு" என்றாள் பவுலினா. "மாதாவே. எல்லாரோடதும்."

ஜெசீகா வாந்தி எடுத்தாள். மத்தியானச் சோறு முழுவதும் அதன் மேலேயே விழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வாந்தி இல்லை. குடித்துவிட்டிருந்தது. குடித்த இடம் பளபளத்தது.

"வாங்க, போயிருவோம். மிஸ்ஸு! வா புள்ள!"

அவள் போகவில்லை. நரம்புகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே திசையில் ஓடின. நடுவுக்கு. ஆண்டெனாவுக்கு அடியில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முறுக்கிக்கொண்டு, தொடை தடிமனில், வெளிறிய நீலத்தில், சற்று முன்வரை வெறுமையாயிருந்த தகரத் தட்டுகளின் இடைவெளி வழியே வெளியே வந்திருந்தன.

கொடி.

மேலே போனது. நேராக. வளையாமல். பிடிமானம் எதுவும் இல்லாமல். பனிக்குள் நுழைந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதற்குள் ஒரு வீக்கம் அடியிலிருந்து கிளம்பி மேலே ஏறியது. மேலே. விழுங்கல். மறுபடியும் விழுங்கல். அவள் வரைபில் பார்த்த குழி.

வானமா, மண்ணா?

"அக்கா. இது எதுக்கு ஊட்டுது?"

பவுலினா தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். "பொறந்ததுக்கு நஞ்சுக்கொடி ஊட்டாது புள்ள. பொறக்காததுக்குத்தான் ஊட்டும்."

மழை விழுந்தது. ஒரே கொட்டாக. ஜெசீகாவின் தலையில், கண்ணில், திறந்திருந்த வாயில். வெதுவெதுப்பாக இருந்தது. வழுவழுத்தது. உப்பாக, இனிப்பாக இருந்தது. துப்பினாள். போகவில்லை.

"பன்னீர்க்குடம்" என்றாள் பவுலினா. அலறவில்லை. லயத்தில் எத்தனையோ பேறு பார்த்த குரலில், மெதுவாகச் சொன்னாள். "ஒடஞ்சிருச்சு."

கொடி தளர்ந்தது.

ஒரு சுருள் பனிக்குள்ளிருந்து விழுந்தது. ஆண்டெனாவின் மேல். சப்பென்று. இன்னொன்று. இன்னொன்று. தகரம் நெளிந்தது. சுருள்கள் விழுந்துகொண்டே இருந்தன, அதை மேலே பிடித்திருந்தது நெருங்கி வருவது போல.

ஜெசீகா நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு மலைக்கும் நடுவே பனி கீழ்நோக்கிப் பிதுங்கியது. பிதுங்கிய இடத்தில் கிழிந்தது. பள்ளத்தின் அகலம் முழுக்க, மலைச்சரிவின் தேயிலையை இரண்டு பக்கமும் உரசி வேரோடு சாய்த்துக்கொண்டு, ஈரமும் இரத்தமும் மயிரும் ஒட்டிய ஓர் உச்சந்தலை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, எலும்பு மூடாத உச்சிக்குழி மெல்ல மேலும் கீழுமாய்த் துடித்தது.