ஒரு தையல்காரர், இரண்டு ரத்த வகை

ஒரே மனிதருக்கு இரண்டு ரத்த வகை என்று ரிப்போர்ட் வந்ததற்கு மறுநாள் காலை, அழுது வீங்கிய கண்களோடு ஒரு நர்சிங் மாணவி ரத்த வங்கியின் விசாரணை அறைக்கு வந்து நின்றாள். ரத்த விஷயத்தில் எங்கே தவறு நடந்தாலும் துருவிப் பார்ப்பது அந்த அறையில் இருந்த மூத்த நர்ஸின் வேலை. தலையே போகிற காரியமானாலும் பதறாதவர் என்பதால் ஆஸ்பத்திரி அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அவருடைய உதவியாளனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்ததும் அதே ஆஸ்பத்திரிதான். அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வரும், அதுவும் அவசரமாகத்தான் வரும்.

மாணவி விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய வார்டில் ஒரு தையல்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சேர்ந்திருக்கிறார். நோயாளிக்கு ரத்தம் தயார் செய்வதற்கு முன் இரண்டு தடவை வகை பார்ப்பது அங்கே வழக்கம். நேற்றுக் காலை அவள் எடுத்த ரத்தம் ஓ பாசிட்டிவ். மாலையில் அவளே எடுத்தது ஏபி பாசிட்டிவ். போதாக்குறைக்கு, காலையில் இருந்த சிவப்பணுக்களில் பாதிதான் மாலையில் இருந்தன. ரத்தம் பிடித்த குழாயை அவள் மாற்றிவிட்டாள் என்று வார்டு சிஸ்டர் முடிவு கட்டிவிட்டார். வகை மாறிய ரத்தம் ஆளையே கொன்றுவிடும். அதனால் இன்று மாலைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு தடவையும் அவர் பேரைக் கேட்டு, அவர் கண்ணு முன்னாடிதான் லேபிள் ஒட்டினேன். நான் மாத்தலக்கா" என்றாள்.

அவசரத்துக்கு அதற்குள் பாதி கேஸ் முடிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் குழாய் மாறியிருக்கும், அவர் ஏபி-யாக இருப்பார், அவ்வளவுதான் என்றான். நிதானம் மறுக்கவில்லை. நேற்று அந்த வார்டில் யாருக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள், அவர்களுடைய வகை என்ன என்று லேபில் கேட்டு வரச் சொன்னார். ஓடிப் போனவன் நடந்து திரும்பி வந்தான். ஏபி ஒருவர்கூட இல்லை.

"யாருகிட்டயும் இல்லாத ரத்தம் எப்படிப்பா குழாய்க்குள்ள வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, நிதானம் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்தார். சிவப்பணுக்களின் எண்ணிக்கை பாதியாகியிருந்தது. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவு. அவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். அவசரம் தலையாட்டினான். புரியவில்லை என்பதற்கும் அவனிடம் அதே தலையாட்டல்தான்.

மூவரும் வார்டுக்குப் போனார்கள். தையல்காரர் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, ஏசி காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள் இருந்தது. போன மாதம் நெஞ்சுச் சளியும் இருமலும் வந்து படுக்கையில் தள்ளியதாம். இப்போது தேவலையாம். அவருடைய விரல் நுனிகள் நீலமாக இருந்ததைப் பார்த்து என்ன என்று நிதானம் கேட்டார்.

"அது சாயம்மா. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி, எல்லாம் நீலம். வெந்நீர்ல கையை வச்சா போயிடுது, வெளிய வந்தா மறுபடி ஒட்டிக்குது. இப்படி ஒரு பிடிவாதமான சாயத்தை நான் பார்த்ததே இல்ல."

நிதானம் அவருடைய துண்டை மெல்ல விலக்கினார். காது மடலின் நுனியும் நீலமாக இருந்தது. தையல்காரர் காதால் தைப்பதில்லை என்பது அவசரத்துக்கே தெரிந்தது.

வெளியே வந்ததும் நிதானம் மாணவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு குழாயும் லேபுக்கு எப்படிப் போயின?

மாலைக் குழாய் ஐஸ் பெட்டியில் போனது என்றாள். அது வார்டு சிஸ்டரின் புது உத்தரவு. வெயிலில் ஒரு குழாய் கெட்டுப்போனதிலிருந்து, எந்த ரத்தமானாலும் ஐஸில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலைக் குழாயைப் பற்றிக் கேட்டபோது மாணவி தரையைப் பார்த்தாள். பெட்டி வரவில்லை, டாக்டர் அவசரப்படுத்தினார், குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன் என்று கடைசியில் வாய் திறந்தாள். உத்தரவை மீறியது தெரிந்தால் அதற்கும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"பாத்தீங்களா, மறைச்சிருக்கா!" என்றான் அவசரம்.

"மறைச்சதுதான் அவளைக் காப்பாத்தப் போகுது. நீ போய் எல்லாரையும் லேபுக்குக் கூப்பிடு."

மாலையில் முதல்வர், வார்டு சிஸ்டர், லேப்காரர், மாணவி நான்கு பேரும் லேபில் கூடினார்கள். நிதானம் கேட்டுக்கொண்டபடி, சிஸ்டரே தையல்காரரிடம் ரத்தம் எடுத்து, தானே லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். லேப்காரர் வகை பார்த்தார். ஏ மருந்துக்கு அணுக்கள் ஒட்டினால் ஏ, பி மருந்துக்கு ஒட்டினால் பி, இரண்டுக்கும் ஒட்டாவிட்டால் ஓ என்பது கணக்கு. எந்த மருந்தை விட்டாலும் ரத்தம் திரிதிரியாகச் சேர்ந்துகொண்டது. ஏபி பாசிட்டிவ்.

சிஸ்டரின் முகம் வெளிறியது. "நானே எடுத்தது. என் கையாலயே எடுத்தது."

"அப்ப மேடம், சிஸ்டரையும் நீக்கிடலாமா?" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார் நிதானம். முதல்வர் அதை ரசிக்கவில்லை. நிதானம் அதே குழாயை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடிச் சுவரில் சிவப்பு மணல் ஒட்டியதுபோல் பொடிப்பொடியாகத் தெரிந்தது. பிறகு குழாயை முதல்வரின் கையில் வைத்து, நன்றாகப் பொத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

முதல்வர் குழாயோடு நிற்க, நிதானம் பேசினார்.

"நெல்லோட எடை குறையல, மூட்டை மட்டும் பாதியாச்சுன்னா என்ன அர்த்தம்? ரெண்டு ரெண்டு மூட்டையைச் சேர்த்துக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம். ஹீமோகுளோபின் அதேதான். அணுக்கள் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிச்சு, மிஷின் ஒரு கொத்தை ஒரு அணுன்னு எண்ணிடுச்சு. வகை பார்க்கிறப்பவும் அப்படித்தான். மருந்தால ஒட்டினதுன்னு நாம நினைச்சோம், ஏற்கனவே தானா ஒட்டியிருந்தது."

ஏன் ஒட்டியது என்று முதல்வர் கேட்டார்.

நிதானம் மாணவியைப் பார்த்தார். ஹீமோகுளோபின் குறைந்தால் அது ரத்தச்சோகை, அது எந்தெந்த வழியில் வரும் என்று அவளையே சொல்லச் சொன்னார். அணுக்கள் சரியாக உற்பத்தியாகாமல் போகலாம், ரத்தம் வெளியே போகலாம், இல்லாவிட்டால் அணுக்கள் ஆயுசு முடியும் முன்னே உடையலாம் என்று சொன்னாள் அவள்.

"இவருக்கு உடையுது. அதான் கண்ணுல மஞ்சள். போன மாசம் வந்த நெஞ்சுச் சளியை எதிர்க்க உடம்பு ஒரு பொருளைத் தயார் பண்ணுச்சு. அது ஆள் தெரியாம இவரோட சிவப்பணுவையே பிடிக்குது, குளிர்ல மட்டும். பிடிபட்ட அணு சீக்கிரமே உடையுது. விரல், காது மாதிரி குளிர்ற இடத்துல அணுக்கள் ஒட்டுது, ரத்த ஓட்டம் குறையுது, நீலமாகுது. வெந்நீர்ல கையை வச்சா விட்டுடுது. வெந்நீர்ல போயி, குளிர்ல திரும்பி வர்ற சாயம் எந்தக் கடையிலயும் கிடையாது."

அவசரத்துக்கு இப்போதுதான் தலையாட்டல் உண்மையாக வந்தது. "அப்ப காலையில எடுத்தது..."

"காலையில ரத்தம் இவ உள்ளங்கைச் சூட்டுல போச்சு. சாயங்காலம் ஐஸ்ல போச்சு. ரத்தம் ஒண்ணுதான், வழிதான் வேற. மேடம், கையைத் திறங்க."

முதல்வர் விரித்தார். மணல் இல்லை. கண்ணாடியில் ரத்தம் வழவழவென்று வழிந்து இறங்கியது. லேப்காரர் அணுக்களை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி மறுபடி வகை பார்த்தார்.

"ஓ பாசிட்டிவ்" என்றார் அவர்.

மாணவி சுவரில் சாய்ந்துகொண்டாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை இப்போது நன்றாகவே வந்தது. சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு, தீர விசாரிக்காமல் பழி போட்டது தன் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் சொன்னார்.

இன்னொன்றையும் நிதானம் சொன்னார். இரண்டு குழாயும் கைச்சூட்டிலேயே போயிருந்தால் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. தையல்காரரைக் குளிர்ந்த ஆபரேஷன் அறையில் படுக்க வைத்திருப்பார்கள். அங்கே அவருடைய அணுக்கள் உடைந்துகொண்டே போயிருக்கும். டாக்டருக்கு உடனே தகவல் போனது. ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது.

முதல்வர் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். மாணவி அவரையே பார்த்தாள். உத்தரவை மீறியது மீறியதுதானே?

"பெட்டி இல்லாம குழாயைக் கையில எடுத்துட்டுப் போனது தப்பு. அதை மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டுக்கும் சேர்த்து நாளைக்குக் காலையில கிளாஸ்ல என்கிட்ட திட்டு வாங்கிக்கோ" என்றார் முதல்வர்.

"கிளாஸ்லயா மேடம்?"

"பின்ன? திட்டு வாங்க நீ காலேஜ்ல இருந்தாகணும்ல."

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். வழியில் அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே கனமான கம்பளியை எடுத்துக்கொண்டாள்.