தட்டிக்கொடுத்த இதயங்கள்

சென்னியப்பனின் நகலிதயம் இருபத்தொரு நாள் மருந்தில் ஊறியும் சீராகத் துடித்தது. அதை நம்பித்தான் அவருக்குப் புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். நான்காம் வாரம் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது.

"மேல என் நகலு எப்படி இருக்குது, மணி?"

"ஜம்முனு துடிக்குதுங்க," என்றாள் மனைவி திலகமணி.

"அப்ப எனக்கு மட்டும் என்ன கேடு?"

கட்டியைக் கொல்லும் மருந்து சிலருக்கு இதயத் தசையையும் தின்றுவிடும். அதனால்தான் நோயாளியின் ரத்தத்திலிருந்து கிண்ணத்தில் கடுகளவு இதயம் வளர்த்து, மருந்தை முதலில் அதற்குக் கொடுக்கிறார்கள். அது நின்றுபோனால் ஆளுக்கு வேறு மருந்து. மாடியிலிருக்கும் அந்த நகலிதயக் கூடத்தில் திலகமணிக்குப் பதினோரு வருட வேலை. விறுவிறுவென்று மேலே போய், உடன் வேலை பார்க்கும் ரம்லத்திடம் அவர் நகலைப் பற்றிக் கேட்டாள்.

"உங்கூட்டு இதயமாச்சேக்கா. தினமும் நானே தட்டிக்கொடுத்துருவேன், ஒண்ணுக்கு ரெண்டு தடவையா."

அளப்பதற்காகச் சூட்டுப்பெட்டியிலிருந்து கிண்ணத்தை வெளியே எடுத்தால் குளிருக்கு நல்ல இதயமே தடுமாறும். துடிப்புமானி அதைச் சேதம் என்று எழுதிவிடும். அப்படி மருந்து மறுக்கப்பட்டு மூன்று பேர் செத்தார்கள். மனசு கேட்காமல், லேசாக மின்சாரம் தொட்டு நிதானப்படுத்திவிட்டு அளக்கும் இந்தத் தட்டிக்கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவளே திலகமணிதான். புண்ணியம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சாகிற இதயமும் அந்தத் தொடுதலுக்குத் துள்ளும் என்பது பாவிக்குத் தோன்றவே இல்லை.

"இன்னிக்கு எதையும் தட்டாத, ரம்லத்."

இருவரும் அலமாரி முன் நின்றார்கள். சென்னியப்பனின் கிண்ணம் நாற்பது நிமிடத்தில் அடங்கியது. பிறகு பக்கத்துக் கிண்ணம். மதியத்துக்குள் பத்தொன்பது. ரம்லத் பெயர்களை வாசித்தாள்; அத்தனை பேரும் கீழே வார்டில் மருந்து ஏறிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

திலகமணி டாக்டருக்குப் போன் போட்டாள். "மருந்தை நிறுத்துங்க சார், எல்லாருக்கும். எங்கூட்டுக்காரருக்கு முதல்ல."

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. அவருக்கு இப்பத்தான் துடிப்பு நின்னுருச்சு," என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. கரண்ட் வெச்சோம், சீராத் துடிக்குது."